தங்களைச் சிறையில் போட்ட ராஜாவுக்காகப் புதுச் சத்தியத்தை மறுத்த ஐந்து பிஷப்மார்

தேரிமேட்டான் | ஞாயிறு, மாலை 6.10

இன்று காலை எங்கள் கோயிலில் ஆங்கில ஆராதனை. காணிக்கை எடுத்து முடித்ததும் எல்லாரும் எழுந்து நின்று அந்த நாலு வரித் துதிப்பாட்டைப் பாடினோம். சபையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அதற்குப் புத்தகம் வேண்டாம். அதை எழுதியவர் தாமஸ் கென், இங்கிலாந்தில் பாத் அண்ட் வெல்ஸ் திருமண்டலத்து (ஒரு பிஷப்பின் பொறுப்பில் உள்ள பகுதி) பிஷப். அவர் பதவியை இழந்த கதை போன மாதம்தான் எனக்கு முழுசாகத் தெரிந்தது. அன்றிலிருந்து மனசில் கிடந்து உருளுகிறது. உங்களிடம் கேட்டுவிடலாம் என்று இந்த இழை.

(முதலிலேயே ஒன்று. எங்கள் பக்கம் பேராயர் என்றால் பிஷப், கத்தோலிக்கர் பக்கம் ஆர்ச்பிஷப். குழப்பம் வேண்டாம், பிஷப், ஆர்ச்பிஷப் என்றே எழுதுகிறேன்.)

1685-ல் பட்டத்துக்கு வந்த இரண்டாம் ஜேம்ஸ் கத்தோலிக்கர். நாட்டுத் திருச்சபையோ ரோமிலிருந்து பிரிந்த ஆங்கிலிக்கன். கத்தோலிக்கர் மேலும் மற்ற சபையார் மேலும் இருந்த தண்டனைச் சட்டங்களைப் பார்லிமென்டைக் கேட்காமல் தானே நிறுத்திவைத்து ஓர் அறிவிப்பு வெளியிட்டார். 1688 மே மாதம் அதை எல்லாக் கோயில்களிலும் ஆராதனை நடுவே வாசிக்க வேண்டும் என்று உத்தரவு. காண்டர்பரி ஆர்ச்பிஷப் வில்லியம் சான்க்ராஃப்ட் தன் கைப்பட ஒரு மனு எழுதினார். கென், டர்னர், லேக், ஒயிட், லாய்ட், ட்ரெலானி என ஆறு பிஷப்மார் உடன் கையெழுத்துப் போட்டார்கள். "சட்டத்தை நிறுத்திவைக்க ராஜாவுக்கு அதிகாரம் இல்லை, இதை வாசிக்க எங்களால் ஆகாது" என்பது சாரம். ஏழு பேரையும் லண்டன் டவரில் அடைத்தார்கள். ராஜதுரோக எழுத்து என்று வழக்கு. ஜூன் 29 விசாரணை. ஜூரிகள் இரவெல்லாம் பூட்டிய அறையில் இருந்து, 30-ம் தேதி காலையில் குற்றமில்லை என்றார்கள். ஊரே மணியடித்துக் கொண்டாடியது.

அந்த வருஷமே நவம்பரில் ராஜாவின் மருமகன் வில்லியம் ஹாலந்திலிருந்து படையோடு வந்து இறங்கினார். ஜேம்ஸ் பிரான்சுக்கு ஓடினார். 1689 பிப்ரவரியில் வில்லியமும் அவர் மனைவி மேரியும் பட்டமேற்றார்கள். பதவியில் உள்ள குருமார் எல்லாரும் ஆகஸ்ட் 1-க்குள் புது ராஜா ராணிக்கு உண்மையாய் இருப்பதாகச் சத்தியம் செய்ய வேண்டும் என்று சட்டம். செய்யாவிட்டால் வேலை நிறுத்தம். அதன்பின் ஆறு மாதத்துக்குள்ளும் செய்யாவிட்டால் பதவியே போகும்.

ஜேம்ஸ் சிறையில் போட்ட ஏழு பேரில் ஐந்து பேர், சான்க்ராஃப்ட், கென், டர்னர், லேக், ஒயிட், அந்தச் சத்தியத்தைச் செய்ய மறுத்துவிட்டார்கள். காரணம், ஜேம்சுக்கு முன்பே சத்தியம் செய்து கொடுத்திருந்தார்கள். அவர் உயிரோடு இருக்கிறார். ஒரு நாக்கில் இரண்டு சத்தியம் எப்படி?

அவர்கள் செய்தது சரி என்று நான் நினைக்கிறேன். வீட்டில் சொன்னால் சண்டைக்கு வருகிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

---

கல்லணை | ஞாயிறு, இரவு 8.35

அண்ணாச்சி, உங்க வீட்டுக்காரங்க பக்கம்தான் நான்.

சத்தியம் ஒரு பக்கம் மட்டும் இல்லையே. ஜேம்சும் முடிசூட்டும்போது நாட்டுச் சட்டப்படி ஆளுவேன்னு சத்தியம் பண்ணினவர்தான். அந்த முடியை வச்சதே சான்க்ராஃப்ட். சட்டத்தை நிறுத்திவச்சது ஜேம்ஸ். பிஷப்மாரை ஜெயில்ல போட்டது ஜேம்ஸ். அரசு முத்திரையைத் தேம்ஸ் நதியில வீசிட்டு ராத்திரியோட ராத்திரியா ஓடினது ஜேம்ஸ். ஒப்பந்தத்தை அவரே கிழிச்சுப் போட்ட பிறகு இவங்க மட்டும் எதைக் கட்டிக் காப்பாத்துறாங்க?

இன்னொன்னு. பிஷப்மார் விடுதலையான அதே ஜூன் 30-ம் தேதிதான் ஏழு பெரிய மனுஷங்க வில்லியமை வரச்சொல்லி ரகசியக் கடிதம் அனுப்பினாங்க. அதுல லண்டன் பிஷப் காம்ப்டனும் ஒருத்தர். அவரும் பிஷப்தான். நாடு முழுகிட்டிருந்தப்போ அவர் கயிறு போட்டார். சான்க்ராஃப்ட் மறுத்ததால 1689 ஏப்ரல்ல வில்லியமுக்கும் மேரிக்கும் முடி வச்சதும் அதே காம்ப்டன்தான். எனக்கு அவர்தான் ஆம்பிளை.

---

பெஞ்ச்கிளார்க்_ஓய்வு | ஞாயிறு, இரவு 10.05

நான் முப்பத்தொரு வருடம் நீதிமன்றத்தில் வேலை பார்த்தவன். சாட்சிக் கூண்டில் ஏறுகிறவர்களுக்குச் சத்தியப் பிரமாணம் சொல்லிக் கொடுப்பது என் அன்றாட வேலை. பெரும்பாலோர் பேருந்துக்கு நேரமாகிறது என்பதுபோல முணுமுணுத்துவிட்டு இறங்குவார்கள். ஒரே ஒரு மூதாட்டியை மறக்க முடியவில்லை. "கடவுள் அறிய" என்ற இடத்தில் நிறுத்திவிட்டார். "இருட்டுல பாத்தது ஐயா. அவன்தான்னு நெனைக்கேன். சாமி பேரைச் சொல்லிச் சொல்ற அளவுக்குத் தெரியாது" என்றார். இரண்டு தரப்பு வக்கீலும் எரிச்சலானார்கள். அவர் அசையவில்லை. அந்த அம்மாவின் கை கூண்டின் விளிம்பைப் பிடித்திருந்த விதம் இப்போதும் கண்ணில் நிற்கிறது.

கல்லணை தம்பி ஒப்பந்தம் என்கிறீர்கள். ஒப்பந்தம் வேறு, சத்தியம் வேறு. ஒப்பந்தத்தில் இரண்டு பேர். ஒருவர் மீறினால் மற்றவர் விடுபடலாம். சத்தியத்தில் மூன்றாவதாக ஒருவர் சாட்சியாக நிற்கிறார். அந்த பிஷப்மார் நம்பியது அதைத்தான். ராஜா தன் சத்தியத்தை மீறினால் அதற்கு ராஜா கடவுளிடம் கணக்குச் சொல்லட்டும், என் கணக்கு என்னுடையது என்று.

புதுச் சத்தியத்தின் வாசகத்தையும் பார்க்க வேண்டும். பழைய வாசகத்தில் ராஜாவை 'உரிமையும் சட்டமும் உள்ள' ராஜா என்று ஒப்புக்கொள்ளும் சொற்கள் இருந்தன. புதியதில் அவற்றை வேண்டுமென்றே எடுத்துவிட்டார்கள். உண்மையாய் இருப்பேன், விசுவாசமாய் இருப்பேன் என்றால் போதும். "உரிமை யாருக்கோ இருக்கட்டும், இப்போது சிம்மாசனத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அடங்கியிருக்கிறேன்" என்று மனசுக்குள் பொருள் கொண்டு பல நூறு குருமார் சத்தியம் செய்தார்கள். வாசல் அகலமாகவே திறந்திருந்தது. அப்படியிருந்தும் நுழைய மறுத்தவர்கள் இவர்கள். எனக்கு அந்த மூதாட்டி நினைவுதான் வருகிறது.

---

பார்சனேஜ்_பிள்ளை | திங்கள், காலை 7.20

நான் குருவானவர் மகள். அதனால எனக்கு வர்ற கேள்வி வேற.

பிஷப்மாரைப் பத்தியே பேசுறீங்க. சாதாரணக் கிராமத்து குருமார் எத்தனை பேர் மறுத்தாங்க? அவங்க பிள்ளைகுட்டிங்க எங்க போச்சு? அப்பாவுக்கு டிரான்ஸ்பர் வந்தாலே எங்க வீட்ல ஒரு வாரம் அழுகை. அம்மா வச்ச முருங்கை, நாங்க கோடு கிழிச்சு உயரம் அளந்த சுவர், எல்லாத்தையும் விட்டுட்டுப் போகணும். ஆனா போற ஊர்ல இன்னொரு பார்சனேஜ் (குருவானவருக்குச் சபை தர்ற வீடு) இருக்கும். இவங்களுக்கு அதுவும் இல்ல. வீடு, வயல் வருமானம், ஊர் மரியாதை எல்லாம் ஒரே நாள்ல.

அந்த வீட்டு அம்மாமாரை யாராவது கேட்டாங்களா?

---

முத்துக்குளி | திங்கள், மதியம் 1.15

அக்கா கேட்டதற்கு என்னால் முடிந்த அளவு.

மறுத்த குருமார் சுமார் 400 பேர். பிஷப்மார் 9 பேர். அதில் மூன்று பேர் பதவி பறிக்கும் நாளுக்கு முன்பே இறந்துவிட்டார்கள்: செஸ்டர் பிஷப் கார்ட்ரைட் (இவர் ஜேம்சின் ஆள், அவர் பின்னாலேயே போனவர்), வூஸ்டர் பிஷப் தாமஸ், சிசெஸ்டர் பிஷப் லேக். மிச்சம் ஆறு பேருக்கு 1690 பிப்ரவரி 1-ல் பதவி போனது: சான்க்ராஃப்ட், கென், டர்னர், ஒயிட், குளோஸ்டர் பிஷப் ஃபிராம்ப்டன், நாரிச் பிஷப் லாய்ட். இந்த லாய்ட் வேறு. டவரில் இருந்த லாய்ட் சத்தியம் செய்துகொண்டார். இரண்டு பேருக்கும் வில்லியம் லாய்ட் என்றே பெயர், அதனால் பலர் குழம்புகிறார்கள்.

சட்டத்திலேயே ஒரு சின்ன இரக்கம் எழுதிவைத்திருந்தார்கள். மறுக்கிறவர்களில் 12 பேருக்கு மட்டும், விட்ட பதவியின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை ராஜா கொடுக்கலாம். 400 பேருக்கு 12! சிலர் பெரிய வீடுகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். சிலருக்குப் பிரபுக்கள் வீட்டு ஜெபம் நடத்தும் வேலை கிடைத்தது. படிப்பாளிகள் எழுதிப் பிழைத்தார்கள். ஹென்றி டாட்வெல் என்பவருக்கு ஆக்ஸ்ஃபோர்டில் சரித்திரப் பேராசிரியர் வேலை போனது. அவர் குருவானவர்கூட இல்லை.

கென்னுக்கு அவ்வளவு சிரமம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பழைய நண்பர் வேமத் பிரபு தன் லாங்லீட் மாளிகையில் இடம் கொடுத்தார். கென் இருந்த பொருளை விற்று வந்த 700 பவுனை அவரிடமே ஒப்படைத்தார். அதற்குப் பதிலாகப் பிரபு வருஷம் 80 பவுன் கொடுப்பதாக ஏற்பாடு. புத்தகங்களை மட்டும் விற்கவில்லை.

---

கல்லணை | திங்கள், மாலை 5.50

கிளார்க் ஐயா சொன்னது யோசிக்க வச்சது. அந்த அம்மா கதையைப் பொண்டாட்டிகிட்டயும் சொன்னேன். இருந்தாலும் சான்க்ராஃப்டை நான் சும்மா விடமாட்டேன்.

1689 ஜனவரி 29-ம் தேதி பிரபுக்கள் சபையில ஒரு ஓட்டெடுப்பு. ஜேம்ஸ் பேருக்கு ராஜாவா இருக்கட்டும், அவர் பேர்ல வேற ஒருத்தர் ஆளட்டும்னு தீர்மானம். சான்க்ராஃப்ட் மாதிரி ஆளுங்களுக்கு அதைவிட நல்ல வழி கிடையாது. பழைய சத்தியமும் உடையாது, நாடும் பிழைக்கும். அது 49-க்கு 51-ன்னு தோத்துச்சு. ரெண்டே ஓட்டு! சான்க்ராஃப்ட் எங்க இருந்தார்? ஆத்துக்கு அந்தாண்ட லாம்பெத் அரண்மனையில கதவைச் சாத்திட்டு உட்கார்ந்திருந்தார். சபைக்கே வரல. நாட்டோட முதல் குருவானவர் எழுந்து நின்னு பேசியிருந்தா ரெண்டு பேர் மாறியிருக்க மாட்டாங்களா?

அப்புறம் பர்னெட் விஷயம். வில்லியமோட ஆளு பர்னெட்டை சாலிஸ்பரிக்கு பிஷப் ஆக்கணும். தன் கையால அபிஷேகம் பண்ண மாட்டேன்னார் சான்க்ராஃப்ட். ஆனா மத்த பிஷப்மார் பண்ணட்டும்னு அதிகாரம் எழுதிக் கொடுத்தார். தான் செஞ்சா பாவம், தன் பேர்ல இன்னொருத்தர் செஞ்சா பாவம் இல்லையா? அண்ணாச்சி இதுக்குப் பதில் சொல்லணும்.

---

தேரிமேட்டான் | திங்கள், இரவு 9.25

தம்பி, பர்னெட் விஷயத்தில் என்னிடம் பதில் இல்லை. மறுத்திருந்தால் சொத்தெல்லாம் பறிபோகும் குற்றமாகியிருக்கும், அந்த பயம் இருந்திருக்கலாம். அதற்காக அது சரியாகிவிடாது. ஓட்டெடுப்புக்கு வராததும் எனக்கு வலிக்கிறது. வந்திருக்க வேண்டும்.

ஆனால் கோழை என்று மட்டும் சொல்லாதீர்கள். இந்த மனுஷன் முன்பே ஒருமுறை இழந்தவர். முதலாம் சார்லஸின் தலையை வெட்டிய பிறகு, ராஜா இல்லாத அரசுக்கு உண்மையாய் இருப்பதாக எல்லாரும் உறுதி கொடுக்க வேண்டும் என்றார்கள். அப்போது சான்க்ராஃப்ட் கேம்பிரிட்ஜ் இம்மானுவேல் கல்லூரியில் இளம் ஆசிரியர். மறுத்தார். 1651-ல் வேலையை எடுத்துவிட்டார்கள். நாற்பது வருஷம் கழித்து, நாட்டிலேயே பெரிய சபைப் பதவியில் இருக்கும்போது, அதே பரீட்சை. அதே பதில்.

பதவி போன பிறகும் லாம்பெத்தை விட்டுப் போகவில்லை. 1691-ல் டில்லட்சனை ஆர்ச்பிஷப் ஆக்கி, சட்டப்படி வெளியேற்றிய பிறகுதான் போனார். பிறந்த ஊரான ஃப்ரெசிங்ஃபீல்டில் சின்னதாய் ஒரு வீடு. 1693 நவம்பரில் அங்கேயே இறந்தார்.

நான் முக்கியமாய்ச் சொல்ல வந்தது இது. ஜேம்சை எதிர்த்ததும் வில்லியமை மறுத்ததும் அவர்களுக்கு இரண்டு காரியம் இல்லை, ஒன்றேதான். ராஜா பாவம் செய்யச் சொன்னால் செய்ய மாட்டேன், ஆனால் ராஜா மேல் கை ஓங்கவும் மாட்டேன், தண்டனை கொடு, வாங்கிக்கொள்கிறேன். இதுதான் அவர்கள் கோயில் கோயிலாகப் பிரசங்கித்த போதனை. அதனால்தான் மனு கொடுத்தார்கள், கலகம் செய்யவில்லை. அதனால்தான் ஜனங்கள் ஆற்றங்கரையில் முழங்காலில் நின்று ஆசீர்வாதம் கேட்டபோதும் டவருக்கு அமைதியாகப் படகேறிப் போனார்கள். ஜேம்ஸ் போனதும் அந்தப் போதனையைக் கழற்றி மாட்டிவைத்திருந்தால், ஜேம்சிடம் அவர்கள் காட்டிய தைரியமே அரசியல் என்றாகியிருக்கும்.

---

முத்துக்குளி | செவ்வாய், காலை 6.40

மறுபக்கத்தில் நின்றவர்களில் ஒருவரைப் பற்றியும் பேசியாக வேண்டும். வில்லியம் ஷெர்லாக், லண்டன் டெம்பிள் கோயிலின் தலைமைக் குரு. நான்ஜூரர்களின் பெரிய பேச்சாளர். (சத்தியம் செய்யாதவர் என்பதற்கு லத்தீன் வழி வந்த பெயர் அது.) முதலில் மறுத்தார். 1690 ஜூலையில் அயர்லாந்தில் பாய்ன் நதிக்கரைச் சண்டையில் ஜேம்ஸ் தோற்றார். ஆகஸ்டில் ஷெர்லாக் சத்தியம் செய்துவிட்டார். மறு வருஷம் செயின்ட் பால் பேராலயத்தின் டீன் (பேராலயத் தலைமைக் குரு) பதவி வந்தது. ஊர் சிரிசிரி என்று சிரித்தது.

அவர் சொன்ன காரணம் என்ன தெரியுமா? பிஷப் ஓவரால் என்பவர் காலத்தில், அந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், சபைக் குருமார் கூடி எழுதிய ஒரு பழைய கையெழுத்துப் படி. ஒரு அரசு எப்படி வந்ததாயினும், உறுதியாக நிலைபெற்றுவிட்டால் அது கடவுளின் அதிகாரம் பெற்றது, கீழ்ப்படியலாம் என்று அதில் ஓரிடம். அந்தப் படியைத் தங்கள் கட்சிக்கு உதவும் என்று அச்சுக்குக் கொடுத்தவர் சான்க்ராஃப்டேதான்!

ஷெர்லாக்கை நான் போலி என்று சொல்ல மாட்டேன். ஆண்டவன் ஒரு காரியத்தை நடத்திவிட்டான் என்று எப்போது ஒத்துக்கொள்வது? அது நியாயமான கேள்வி. நாள்தான் அவருக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது.

---

பார்சனேஜ்_பிள்ளை | செவ்வாய், காலை 8.05

முத்துக்குளி தம்பிக்கு நன்றி. அந்த 12 பேர் கணக்கைப் படிச்சுட்டு நேத்து தூக்கம் வரல.

இவங்க எல்லாரும் வீட்டோட இருந்துட்டாங்களா, இல்ல தனிச்சபை வச்சாங்களா? ஏன்னா ஒருத்தர் மனசாட்சிக்கு விலகுறது வேற. "உங்க கோயில் கோயிலே இல்ல"ன்னு சொல்றது வேற. ஒரே தெருவுல ரெண்டு கோயில், ஒரே வீட்ல ரெண்டு கட்சின்னு ஆன ஊர்ல வளர்ந்தவ நான். அந்தக் காயம் தலைமுறைக்கும் ஆறாது.

---

முத்துக்குளி | செவ்வாய், மதியம் 12.30

அக்கா தொட்ட இடம்தான் அவர்களையே இரண்டாகப் பிளந்தது.

ஃபிராம்ப்டன் தன் பழைய திருமண்டலத்திலேயே ஸ்டாண்டிஷ் என்ற கிராமத்தில் ஊர்க் கோயிலுக்குப் போய் உட்கார்ந்து ஆராதித்தார். கென்னும் பிளவு ஒரு தலைமுறையோடு முடியட்டும் என்று நினைத்தவர். நாரிச் லாய்ட், டர்னர், ஒயிட் மூவரும் வேறு வழி எடுத்தார்கள். நாடுகடந்து இருந்த ஜேம்சின் சம்மதத்தோடு 1694 பிப்ரவரியில் ரகசியமாக இரண்டு புது பிஷப்மாரை அபிஷேகம் செய்தார்கள். அங்கேதான் தனிச்சபை பிறந்தது.

அந்த இருவரில் ஒருவர் ஜார்ஜ் ஹிக்ஸ். பழைய ஆங்கில மொழி ஆராய்ச்சியில் மாமேதை. 1703-ல் நாட்குறிப்புக்குப் பேர்போன சாமுவேல் பீப்ஸ் சாகக் கிடந்தபோது திருவிருந்து கொடுத்தவர் இவரே. அவர் அண்ணன் ஜான் ஹிக்ஸ் 1685-ல் ஜேம்சுக்கு எதிரான மான்மத் கலகத்தில் சேர்ந்து தூக்கில் தொங்கியவர். அண்ணனைத் தூக்கிலிட்ட ராஜாவுக்காகத் தம்பி டீன் பதவியை விட்டார். இந்தக் குடும்பத்தை நினைத்தால் எனக்குப் பேச்சு வரவில்லை.

ஸ்காட்லாந்தில் பிஷப்மார் ஒருவர் விடாமல் மறுத்தார்கள். வில்லியம் அங்கே பிஷப் முறையையே எடுத்துவிட்டார். அங்கே இந்த வழி 1788-ல் ஜேம்சின் பேரன் சார்லஸ் எட்வர்ட் இறக்கும் வரை நீண்டது. அதனால் ஒரு பலன் விளைந்தது. சுதந்திரம் பெற்ற அமெரிக்காவுக்கு ஒரு பிஷப் வேண்டும். சாமுவேல் சீபரி லண்டனுக்கு வந்தார். ராஜாவுக்குச் சத்தியம் செய்யாதவரை அபிஷேகம் செய்ய அங்கே சட்டம் இடம் தரவில்லை. அவர் ஸ்காட்லாந்துக்குப் போனார். 1784 நவம்பரில் அபர்டீனில், ராஜாவுக்குச் சத்தியம் செய்யாத பிஷப்மார் மூவர் அவர் தலையில் கை வைத்தார்கள்.

நம் ஊருக்கும் ஒரு இழை உண்டு. ராபர்ட் நெல்சன் என்ற நான்ஜூரர் விசுவாசி, குருவானவர் இல்லை, கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிக் கழகத்தின் தூண்களில் ஒருவர். தரங்கம்பாடிக்கு அச்சு இயந்திரம் அனுப்பியது அந்தக் கழகம்தான். கென் தன் உரிமையை விட்டுக்கொடுத்து, லாய்டும் இறந்த பிறகு, 1710-ல் நெல்சன் ஊர்ச் சபைக்கே திரும்பிவிட்டார்.

---

பெஞ்ச்கிளார்க்_ஓய்வு | செவ்வாய், மாலை 4.45

"கென் தன் உரிமையை விட்டுக்கொடுத்து" என்று ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். அது எப்போது, ஏன்? சத்தியம் செய்யாதவர் இதை மட்டும் எப்படி விட்டார்?

---

தேரிமேட்டான் | செவ்வாய், இரவு 10.10

ஐயா, நான் இழை தொடங்கியதே அந்தக் கதைக்காகத்தான். எழுத இவ்வளவு நேரமாகிவிட்டது.

1689-ல் கென் உடனே முடிவுக்கு வரவில்லை. தடுமாறினார். லாம்பெத்தில் அவருடைய நண்பர் ஜார்ஜ் ஹூப்பர் குருவானவராக இருந்தார். கென் அவர் வீட்டில் தங்கியிருந்தபோது, சத்தியம் செய்வதில் தவறில்லை என்று ஹூப்பர் நியாயம் நியாயமாக எடுத்து வைத்தார். ஒரு ராத்திரி கென் ஏறக்குறைய இணங்கிவிட்டார். காலையில் வந்து, உன் மனசு சுத்தம் என்று எனக்குத் தெரியும், நான் செய்தால் என் மனசு என்னை வாழவிடாது, இனி வற்புறுத்தாதே என்று சொல்லிவிட்டார். ஹூப்பர் அதன்பின் வாய் திறக்கவில்லை. ஹூப்பர் சத்தியம் செய்தார். நட்பு அறவில்லை.

கென் இடத்துக்கு ரிச்சர்ட் கிட்டர் என்பவரை பிஷப் ஆக்கினார்கள். கென் அவரை ஏற்கவில்லை. தன் ஆடுகளை அந்நியன் மேய்க்கிறான் என்றே நினைத்தார். 1703 நவம்பரில் இங்கிலாந்தின் தென்பகுதியையே புரட்டிப்போட்ட பெரும்புயல். வெல்ஸ் அரண்மனையில் புகைபோக்கி இடிந்து விழுந்து கிட்டரும் மனைவியும் படுக்கையிலேயே செத்தார்கள். ராணி ஆன் அந்தப் பதவியை யாருக்குக் கொடுத்தார்? ஹூப்பருக்கு. கென்னுக்கே திரும்பக் கொடுங்கள் என்று ஹூப்பர் மன்றாடினார். கென் மறுத்தார். சத்தியம் இன்னும் குறுக்கே நின்றது, உடம்பும் தளர்ந்திருந்தது. ஆனால் தன் ஜனங்களைத் தான் நம்பும் ஒரு மேய்ப்பன் கையில் விடலாம் என்று உரிமையை விட்டுக்கொடுத்தார். அதோடு கையெழுத்தில் திருமண்டலத்துப் பெயரைச் சேர்ப்பதையும் நிறுத்திவிட்டார். ராணி வருஷம் 200 பவுன் கொடுக்க ஏற்பாடு செய்தார். சில கடினமான நான்ஜூரர்கள் அவரைத் துரோகி என்று ஏசினார்கள்.

கல்லணை தம்பி, நீங்கள் கேட்டதற்கு என்னால் சொல்ல முடிந்த பதில் இந்த இரண்டு நண்பர்கள்தான். ஹூப்பர் சத்தியம் செய்ததும் உண்மை, கென் செய்யாததும் உண்மை. இருவரில் ஒருவரையும் என்னால் தள்ள முடியவில்லை.

---

கல்லணை | செவ்வாய், இரவு 10.40

ஹூப்பர் கதை தெரியாது அண்ணாச்சி. சான்க்ராஃப்ட் மேல வச்ச வழக்கை நான் வாபஸ் வாங்கல. கென் மேல எனக்கு வழக்கே இல்ல. அவரை எங்க அடக்கம் பண்ணினாங்க?

---

தேரிமேட்டான் | செவ்வாய், இரவு 11.00

1711 மார்ச் 19-ல் லாங்லீட்டில் இறந்தார். லாங்லீட் இருப்பது சாலிஸ்பரி திருமண்டலம். தன் பழைய திருமண்டலத்து எல்லைக்குள் மிக அருகில் எந்தக் கோயில் இருக்கிறதோ அங்கே அடக்கம் பண்ணச் சொல்லியிருந்தார். அது ஃப்ரூம் என்ற ஊர். சூரியன் உதிக்கும் நேரத்தில், கோயிலுக்கு வெளியே, கிழக்குச் சன்னலுக்கு அடியில் வைத்தார்கள். அப்போது மேலே கல்லறை மண்டபம் எதுவும் கட்டவில்லை. பெட்டி வடிவத்தில் வளைத்த இரும்புக் கம்பிகள், அதன்மேல் இரும்பிலேயே ஒரு பிஷப் தொப்பியும் கோலும்.